கைப்பேசியில் படித்தது மனத்தில் நிற்க: தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) நெருங்கும் மாதங்களில் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"என்னய்யா, வரலாறு படிச்சாச்சா?"

"மூணு தடவ படிச்சிட்டேன்மா."

பையன் பொய் சொல்லவில்லை. ஆசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய 40 பக்கக் குறிப்பை மேலிருந்து கீழே மூன்று முறை தள்ளிப் பார்த்திருக்கிறான். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, மலாக்கா எப்படி பெரிய துறைமுகமா வளந்துச்சு, சொல்லு" என்றால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறான். 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதால் அம்மாவுக்கும் பதற்றம். பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் படித்த விதத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யலாம்.

திரையில் எல்லாம் சுலபமாக வருகிறது, சுலபமாக ஓடுகிறது. மனம் பட வேண்டிய பாடும் அந்தச் சுலபத்தோடு கழன்றுவிடுகிறது. கழன்ற உழைப்பை எந்தெந்த இடத்தில், எப்படித் திரும்பப் பூட்டுவது என்பதே கீழே உள்ள படிகள். படிவம் 4, 5 மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

2018இல் டெல்காடோ என்பவரும் அவருடைய குழுவினரும் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கெடுத்தவர்கள் 1,70,000க்கும் மேல். அதே பாடத்தைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். இந்த வித்தியாசம் தகவல் நிறைந்த பாடங்களில் தெரிந்தது, கதை மட்டும் படித்தபோது தெரியவில்லை. திரைக்குப் பழகப் பழக இது மறைந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2000 முதல் 2017 வரையிலான அந்த ஆய்வுகளில் ஆண்டு ஏற ஏற இடைவெளி கூடத்தான் செய்தது.

காரணத்தைத் தொட்டுக் காட்டியது இஸ்ரேலில் ஆக்கர்மன், கோல்ட்ஸ்மித் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. இத்தனை நிமிடம் என்று நேரத்தை வெளியிலிருந்து வரையறுத்தபோது திரையும் தாளும் சமமாக வந்தன. "போதும் என்று தோன்றும்வரை படியுங்கள்" என்று விட்டபோது திரையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். அதே சமயம், தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஆக, கெடுவது கண்ணைவிட, 'போதும்' என்று சொல்லும் அந்த மதிப்பீடுதான். நம் வீட்டுப் பையன் "மூணு தடவ படிச்சிட்டேன்" என்பது இதையேதான்.

படி 1: எதைத் தாளில், எதைத் திரையில் என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் அச்செடுக்க வேண்டியதில்லை. செய்தி, சிறுகதை, பேருந்து நேரம், அகராதி, கணக்கு விளக்கக் காணொளி இவையெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கட்டும். தேர்வுக்கு மனத்தில் நிற்க வேண்டிய குறிப்பு, அறிவியல் சூத்திரம், நீண்ட கட்டுரை, கையெழுத்துப் போட வேண்டிய எந்தக் கடன் பத்திரமும் தாளுக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெற்றோர் கவனிக்கவும். மோட்டார் சைக்கிள் தவணை ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் தள்ளிப் பார்த்து ஒப்புக்கொள்வது, வரலாற்றுக் குறிப்பை அப்படிப் படிப்பதைவிட ஆபத்து.

40 பக்கக் குறிப்பையும் அப்படியே போட்டோஸ்டேட் கடைக்கு அனுப்பாதீர்கள். கைப்பேசியில் ஒருமுறை வேகமாகப் புரட்டி, முக்கியமான 10 அல்லது 12 பக்கங்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மேலோட்டப் பார்வைக்குத் திரை மிக நல்ல கருவி. பிறகு கடையில், "ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம், முன்னும் பின்னும்" என்று சொன்னால் 12 பக்கம் 3 தாளில் அடங்கிவிடும். ஒரு தாளில் நான்கு பக்கங்களுக்கு மேல் திணிக்காதீர்கள். எழுத்து பொடியாகி, கைப்பேசியில் பட்ட அதே பாட்டைத் தாளிலும் படுவீர்கள்.

படி 2: கைப்பேசியில்தான் படித்தாக வேண்டுமென்றால்

ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைப்பேசியை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடுகிறது. அந்த அளவில் தமிழில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. 'க'வும் 'க்'கும் ஒன்றாகத் தெரியும். பிள்ளை இரண்டு விரலால் பெரிதாக்குவான். இப்போது வரியின் கடைசிப் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் இழுத்து, அடுத்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாடத்துக்குப் போக வேண்டிய கவனம் இடம் தேடுவதில் கரைந்துபோகிறது.

கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினால் அகலம் 150 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும், எழுத்தும் எட்டரைப் புள்ளியாகும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசும் இல்லை, செயலியும் தேவையில்லை. அதோடு இவற்றையும் செய்யுங்கள்.

கோப்பை முதலில் இறக்கிச் சேமித்துவிட்டு ஃப்ளைட் மோடைப் போடுங்கள். கோப்பு திறப்பானில், தொடர்ந்து உருளும் அமைப்பை மாற்றி ஒவ்வொரு பக்கமாகப் புரளும் அமைப்பை வையுங்கள். அந்தச் செய்தி இடப்பக்கம் அடியில், படத்துக்குக் கீழே இருந்தது என்று தாளில் மனம் இடத்தைப் பிடித்துவைக்கிறது. உருண்டோடும் திரையில் எதற்கும் நிலையான இடம் இல்லாததால் அந்தப் பிடி கிடைப்பதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இணையப் பக்கமாக இருந்தால் உலாவியின் வாசிப்பு முறையைத் திறங்கள், விளம்பரங்கள் ஒழிந்துவிடும்.

வெளிச்சமான அறையில் சிறிய எழுத்தைப் படிக்க, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே தெளிவு. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள். வாசலில் நின்று எதிரே உள்ள செம்பனையின் மட்டைகளைப் பார்த்தாலே போதும்.

படி 3: கைப்பேசி இருக்க வேண்டிய இடம்

தாளில் படிக்கும்போது கைப்பேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தால் போதுமா? 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கைப்பேசி வேறு அறையில் இருந்தவர்களே நினைவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள் என்றது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் ஒலியும் அதிர்வும் கவனத்தை இழுப்பதில் ஐயமே இல்லை. ஆய்வாளர் சோபி லெராய் 2009இல் காட்டியதும் இதோடு ஒட்டியது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், முதல் வேலையின் எச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய வேலை முழுக் கவனத்தைப் பெறாது. "ஒரே ஒரு செய்திதான் பார்த்தேன்" என்பதன் விலை அந்த ஒரு விநாடியோடு முடிவதில்லை.

இரண்டு அறை வீட்டில், நான்கு பேருக்கு ஒரே கைப்பேசி என்றால் என்ன செய்வது? படிக்கும் 25 நிமிடமும் அது அம்மாவின் கையில் அல்லது சமையலறையில் இருக்கட்டும். நேரம் பார்க்க மலிவான ஒரு மேசைக் கடிகாரம் வாங்குங்கள். கைப்பேசியையே கடிகாரமாகப் பயன்படுத்தினால், மணி பார்க்க எடுத்த கை புலனத்தைத் திறந்துவிடும். கோயில் குழு, குடும்பக் குழு, வகுப்புக் குழு எல்லாவற்றின் ஒலியையும் அடக்கிவிட்டு, அழைப்புக்கு மட்டும் ஒலி வைத்தால் அவசரச் செய்தி தவறாது.

இடையில் யாராவது கூப்பிட்டே தீருவார்கள். எழுந்திருக்குமுன் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "அடுத்து, சுல்தானின் நிர்வாக முறை, இரண்டாவது காரணம்." திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட நூலைப் பிடிக்க அந்த ஒரு வரி போதும்.

படி 4: மூடிவிட்டு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரெய்டிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006இல் மாணவர்களுக்கு ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு வேளை படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை படித்துவிட்டு, மீதி மூன்று வேளையும் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

செய்முறை இது. ஒரு பகுதியைத் தொடங்குமுன் தலைப்பை மட்டும் பார்த்து மூன்று கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். ஒன்றரை முதல் இரண்டு பக்கம் வரை படியுங்கள், அதற்குமேல் வேண்டாம். மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம், நினைவில் உள்ளதை மலாயிலோ தமிழிலோ கலந்தோ எழுதுங்கள். திறந்து ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும், பாடத்தைத் திறக்குமுன்பே வெறும் தாளில் மறுபடி எழுதுங்கள். சிவப்பு மை குறைந்துகொண்டே வரவேண்டும். முதல் நாள் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். திணறி எழுதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாடம் பதிகிறது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை உண்டு. பாடம் மலாயில் இருக்கிறது. வரிக்கு ஒரு சொல் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியைத் திறந்தால், சொல்லின் பொருள் கிடைக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். தெரியாத சொல்லின் அடியில் பென்சிலால் கோடிட்டு, பத்தி முடியும்வரை போய்விடுங்கள். பாதிச் சொற்களின் பொருளை அடுத்த வரியே சொல்லிவிடும். மிஞ்சியவற்றில் அதிகம் திரும்பி வரும் ஐந்தை மட்டும் எடுத்து, மலாய் மொழிக் கழகமான டேவான் பஹாசாவின் இணைய அகராதியில் பாருங்கள். பார்க்கும்போது வேர்ச்சொல்லைப் பிடியுங்கள். 'டாகாங்' வணிகம் என்று தெரிந்தால், 'பெடாகாங்' வணிகர், 'பெர்டாகாங்ஙான்' வாணிபம் என்று குடும்பமே கைக்குள் வரும்.

பக்கம் முழுவதையும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழில் படிப்பது பெரிய பொறி. அந்த நேரம் எல்லாம் புரியும். தேர்வறையில் கேள்வி மலாயில் வரும், விடையும் மலாயில் எழுத வேண்டும், அந்தச் சொற்களோடு பிள்ளை ஒருநாளும் மல்லுக்கட்டியிருக்கமாட்டான். சிக்கிக்கொண்ட ஒரு வாக்கியத்துக்கு மட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

படி 5: தேடுவதையும் ஒரு வேலையாகச் செய்யுங்கள்

திரட்டேட்டுக்கு (பள்ளிக்குத் தொகுத்துக் கொடுக்கும் ஏட்டுக்கு) ஒரு கேள்வி: "ரப்பர் மரம் நம் நாட்டுக்கு எப்போது வந்தது?" தேடுபொறியில் தட்டினால் 1876 என்று ஒரு பக்கம், 1877 என்று இன்னொன்று, 1888 என்றும் 1896 என்றும் வேறு சில. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் வந்ததை எழுதிவிட்டு முடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் மெனக்கெட்டால் நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கு விடை என்பது தெரியவரும். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் 9 நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தார், பின்னர் மரத்தைக் கெடுக்காமல் பால் சீவும் முறையைக் கண்டார். 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் வணிகத் தோட்டம் போட்டார். 'வந்தது' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள் ஒளிந்திருந்தது. கேள்வியைக் கூர்மையாக்காமல் தேடினால் சரியான ஆண்டே தவறான விடையாகிவிடும்.

ஆகவே கைப்பேசியைத் தொடுமுன் கேள்வியை முழு வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். "மலாயா மண்ணில் முதல் ரப்பர் கன்று எந்த ஆண்டில், எந்த ஊரில் நடப்பட்டது?" தெரிந்தவரை ஓர் ஊகத்தையும் எழுதுங்கள், தவறானாலும் பரவாயில்லை. ஊகித்துவிட்டுச் சரியான விடையைப் பார்க்கும்போது அது நன்றாக ஒட்டும்.

மூன்று மொழியிலும் தேடுங்கள், இது நம் பிள்ளைகளுக்கு வாய்த்த வசதி. மலாயில் 'கெத்தா' (ரப்பர்) என்று போட்டால் உள்ளூர் அருங்காட்சியகம், மாநிலப் பக்கங்கள் வரும். ஆங்கிலத்தில் தாவரவியல் தோட்ட ஆவணங்கள் கிடைக்கும். தமிழில் தோட்டப்புற வாழ்க்கை பற்றிய கட்டுரைகள் வரும். பழைய தமிழ்க் கோப்புகள் பல படமாக வருடப்பட்டவை, அல்லது ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சானவை. தேடுபொறியின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. தமிழில் ஒன்றும் வரவில்லை என்பதால் தமிழில் எழுதப்படவே இல்லை என்று நினைக்கக் கூடாது. நூலகத்துக்குப் போங்கள், பால்மரம் சீவிய பாட்டியிடம் கேளுங்கள்.

ஒரு பக்கம் நம்பத்தக்கதா என்று அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. அமெரிக்காவில் வைன்பர்க், மெக்ரூ இருவரும் 10 வரலாற்றாசிரியர்களையும், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்களையும், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேரையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். படித்தவர்களே அழகான சின்னத்துக்கும் முகவரிக்கும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, "இதை நடத்துவது யார்? மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். பிள்ளைக்கு இதைப் பழக்குங்கள்: ஒரு பக்கம் திறந்தால், பக்கத்தில் இன்னும் இரண்டு தாவல்.

இரண்டு இடத்தில் ஒரே விடை கிடைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கத்திலும் வாக்கியம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அது ஒரே சான்றுதான், ஒருவரைப் பார்த்து மற்றவர் எடுத்திருக்கிறார். தேடுபொறியின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கத்தையும் வழிகாட்டிப் பலகையாகவே எடுங்கள். அது சுட்டும் பக்கத்துக்குள் போய், அந்த ஆண்டு அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

புலனத்தில் சுற்றும் உதவித்தொகை இணைப்புகளுக்கும் இதே சோதனைதான். ரஹ்மா ரொக்க உதவிக்குப் பதிய வேண்டுமானால் வந்த இணைப்பை அழுத்தாமல், அரசாங்க முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். வதந்தியா என்று பார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா' தளம் இருக்கிறது.

எங்கே தவறுகிறது?

திரைப்பிடிப்புகள் குவிவது. படக்கோப்பில் 300 குறிப்புகள் கிடக்கும், ஒன்றையும் திரும்பப் பார்த்திருக்கமாட்டான். சேமித்ததும் 'கற்றாயிற்று' என்று மனம் கணக்கை முடித்துவிடுகிறது. வாரத்துக்கு ஐந்து பிடிப்பு என்று வரம்பு வைத்து, ஞாயிறன்று அவற்றைக் கையால் எழுதி அழிக்கச் சொல்லுங்கள்.

பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. கற்கும் முறைகளை 2013இல் ஒப்பிட்ட டன்லாஸ்கியின் குழு, கோடிடுவதைப் பயன் குறைந்தவற்றில் சேர்த்தது. தன்னைத்தானே சோதிப்பதை உச்சியில் வைத்தது. கோடிடக் கை வேலை செய்கிறது, மனம் சும்மா இருக்கிறது.

பாடத்தைத் தொடுமுன்பே செயலியிடம் சுருக்கம் கேட்பது. சுருக்குவதுதான் படிப்பில் கடினமான வேலை. அதைச் செயலியிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை மனப்பாடம் செய்வதில் லாபமில்லை. தானே எழுதிய பிறகு, "நான் எதை விட்டுவிட்டேன்?" என்று கேட்டால் அதே செயலி நல்ல துணை.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். எட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிய 39 ஆய்வுகளை 2021இல் தொகுத்தபோது, தாளில் இருப்பதையே திரையில் வெறுமனே காட்டினால் தாள் புத்தகமே முந்தியது. கதையோடு ஒட்டிய அசைவும் கேள்வியும் சேர்த்த மின்புத்தகங்கள் நன்றாகவே உதவின. எதுவாக இருந்தாலும் மடியில் வைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சுன்னு நெனக்கிற?" என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

ஆய்வு சொல்வது சராசரி. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்பதை இரண்டு வாரத்தில் நீங்களே காணலாம். ஒரே பாடத்தில் நீளமும் கடினமும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள நான்கு பகுதிகளை எடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். இரண்டைத் தாளிலும் இரண்டைக் கைப்பேசியிலும், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், மாற்றி மாற்றிப் படிக்கட்டும். படித்து முடித்ததும், "பத்துக் குறிப்பில் எத்தனை எழுதுவாய்?" என்று கேட்டு அந்த எண்ணைத் தாளின் மூலையில் குறியுங்கள். மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் எழுதச் சொல்லி, சரியான குறிப்புகளை எண்ணுங்கள். சொன்ன எண்ணும் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கைப்பேசித் தாள்களில் 8 என்று சொல்லி 4 வந்தால், அந்தப் பாடத்துக்குப் போட்டோஸ்டேட் செலவு தகும். இரண்டிலும் ஒரே அளவு வந்தால் கைப்பேசியே போதும், அடுத்த வாரம் அறிவியலை வைத்து மறுபடி செய்யுங்கள்.